திருத்த முடியாததை முதலில் முடிவு செய்யுங்கள்

ரிசப்ஷனுக்கு டக்ஸீடோ எடுக்க வரும் குடும்பம் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றி. அடுத்து லேப்பலில் மின்னும் சாட்டின், அதற்கடுத்து விலை. கோட்டைப் போட்டுப் பார்க்கும் கட்டம் கடைசியில்தான் வரும். அதுவும் பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்த பிறகு. “தோள் கொஞ்சம் இறங்குதே மாஸ்டர், ஆல்ட்டர் பண்ணிடலாம்ல?” என்ற கேள்வி அப்போதுதான் எழும். கோட் வெட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். எது பின்னால் திருத்த முடியாததோ அதை முதலில் முடிவு செய்ய வேண்டும். எதில் தவறினாலும் சமாளித்துக்கொள்ளலாமோ அதைக் கடைசிக்கு விடலாம். அப்படிப் பார்த்தால் உடுத்தும் நேரமும் இடமும் முதலில் வரும். அடுத்து தோளும் ஆர்ம்ஹோலும். பிறகு கோட்டின் உள்கட்டும் துணியும், அதன்பின் இடுப்பும் நீளமும். நிறம், பளபளப்பு, பொத்தான், பாக்கெட்டில் வைக்கும் கைக்குட்டை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்.

டக்ஸீடோ பிறந்ததே ஓர் உடையைக் குறைத்ததால்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மேட்டுக்குடி ஆண்கள் இரவு விருந்துக்கு வால் நீண்ட கோட் போட்டார்கள். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர், சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் நெருங்கியவர்களோடு சாப்பிடும் வேளைக்கென்று வாலில்லாத குட்டைக் கோட் ஒன்றை 1865இல் தைக்கக் கொடுத்தார் என்பது லண்டன் சாவில் ரோவிலுள்ள ஹென்றி பூல் தையலகம் சொல்லும் வரலாறு. 1886இல் நியூயார்க்கை அடுத்த டக்ஸீடோ பார்க்கில் பணக்காரர்களின் கிளப் திறந்தது. அந்த வட்டாரத்தில் இந்தக் கோட் பரவ, ஊர்ப்பெயரே உடைக்கும் நின்றுவிட்டது. அதன் வடிவத்தைப் பார்த்தால் குறைத்துக்கொண்டே போன கை தெரியும். முன்பக்கம் ஒரே பொத்தான். பாக்கெட்டுக்கு மூடி கிடையாது, பட்டி மட்டும். முதுகில் பிளவு கிடையாது. பேன்ட்டில் பெல்ட் லூப் கிடையாது; வெளித்தையலை மறைக்க ஒரு பட்டுப்பட்டை ஓடும். கோட்டில் அலங்காரம் என்று சொல்ல லேப்பலின் பட்டு முகப்பு ஒன்றுதான். இவ்வளவையும் கழித்த பிறகு கண்ணுக்கு மிஞ்சுவது வெட்டு மட்டுமே. சாதாரண சூட்டில் கட்டமோ கோடோ நல்ல டையோ இருந்தால் தோளின் கோணல் கொஞ்சம் மறையும். டக்ஸீடோவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆகவே எந்த உடையையும்விட இதில்தான் அளவுக்கு முதலிடம் தர வேண்டியிருக்கிறது.

நேரம், இடம் என்ற முதல் கேள்விக்கு வருவோம். டக்ஸீடோ இரவு உடை. மாலை ஆறு மணிக்கு மேல் என்பது பழைய கணக்கு. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டு இந்துத் திருமணங்களின் ஏற்பாடு டக்ஸீடோவுக்குத் தோதாகவே அமைந்திருக்கிறது: முகூர்த்தத்துக்கு வேட்டி, ரிசப்ஷனுக்குக் கோட். முதல் நாள் மாலையே ரிசப்ஷன் வைத்தாலும், முகூர்த்தம் முடிந்து மாலையில் வைத்தாலும், கோட் ஏறுவது விளக்கு வெளிச்சத்தில்தான். காலையில் சர்ச்சில் நடக்கும் கிறிஸ்தவத் திருமணம் வேறு கதை. பகல் பத்து மணிக்கு, சன்னலில் வெயில் விழும் இடத்தில் சாட்டின் லேப்பல் கண்ணைக் கூசும். அங்கே நல்ல கரும் நீல சூட் தைத்துக்கொள்வதே மேல். அதே மாப்பிள்ளைக்கு மாலை விருந்து இருந்தால் அதற்கு டக்ஸீடோ. திறந்தவெளிப் புல்தரையா, ஏசி மண்டபமா, மேடையில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்பதும் இந்தக் கேள்வியின் பகுதியே. துணியின் கனம், உள்லைனிங், வெயிஸ்ட்கோட் வேண்டுமா என்பதெல்லாம் இந்த விடையைப் பொறுத்தவை. மண்டபம் எதுவென்று தெரியாமல் துணி எடுப்பவர் பாதித் தகவலோடு செலவு செய்கிறார்.

அடுத்தது தோள். கோட் உடம்பில் தொங்குவது தோளில்தான். கழுத்தடியிலிருந்து தோள் எலும்பு முடியும் இடம்வரை உள்ள அந்தச் சில அங்குலங்கள்தான் மொத்த எடையையும் தாங்குகின்றன. தோள் அகலமானால் கையின் மேல்முனையில் குழி விழும். குறுகினால் புஜம் துணியைத் தள்ளிக்கொண்டு வெளியே புடைக்கும். சரிவு பொருந்தாவிட்டால் காலர் சட்டைக் காலரை விட்டு விலகி, பின்கழுத்தில் விரல் நுழையும் இடைவெளி தெரியும். இதைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள்: கையைப் பிரிக்க வேண்டும், காலரைப் பிரிக்க வேண்டும், லைனிங்கை அவிழ்க்க வேண்டும், உள்ளே ஷோல்டர் பேடைக் கழற்றி மாற்ற வேண்டும், வெட்டிய துணியை மறுபடி வெட்ட வேண்டும். அகலமான தோளை ஓரளவு குறைக்கலாம். குறுகிய தோளுக்குச் சேர்க்கத் துணியே இராது. ஏறக்குறைய புதுக் கோட் தைக்கிற உழைப்பு, ஆனால் புதுக் கோட்டின் பலன் வராது. இன்னொன்று: இரண்டு தோளும் ஒரே மட்டமாக உள்ளவர்கள் குறைவு. வலக்கைப் பழக்கக்காரர்களில் பலருக்கு வலத்தோள் சற்றே இறங்கியிருக்கும். ரெடிமேட் கோட் இரு பக்கமும் சமமாகவே வெட்டப்பட்டிருக்கும். அதனால் இறங்கிய பக்கத்தில் அக்குளிலிருந்து சாய்வாக ஒரு மடிப்பு ஓடும். கையில் டேப் பிடித்து அளக்கும்போது இது தெரியாது. ட்ரையலில் நேராக நிற்கவைத்து, பேச்சுக்கொடுத்து, உடம்பு தளர்ந்தபின் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பக்கத்துப் பேடைச் சற்றுக் கனமாக வைத்தால் மடிப்பு போய்விடும். தைக்கும்போது சில நிமிட வேலை. தைத்து முடித்த பின் பெரும்பாடு.

தோளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஆர்ம்ஹோல், அதாவது கை பொருத்தும் வளையம். தாராளமாக இருந்தால் கையை வசதியாகத் தூக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வளையம் கீழே இறங்கினால் கையின் துணி கோட்டின் பக்கவாட்டோடு கட்டிப்போட்டது போல ஆகிவிடும். கையைத் தூக்கும்போது கோட் முழுவதுமே மேலே ஏறும். காலர் காதருகே வரும், பொத்தான் பிதுங்கும். வளையம் அக்குளை ஒட்டி மேலே இருந்தால் கை தனியாக அசையும், கோட் இருந்த இடத்திலேயே இருக்கும். நம் ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை செய்கிற வேலையை எண்ணிப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் புரியும். கும்பிடுகிறார், கை குலுக்குகிறார், பொக்கே வாங்கிப் பின்னால் கொடுக்கிறார், பெரியவர்கள் காலில் விழுந்து எழுகிறார், போட்டோவுக்குத் தோளில் கை போடுகிறார். இது மணிக்கணக்கில் நடக்கும். கண்ணாடி முன்னால் கையைத் தொங்கவிட்டு அசையாமல் நின்று பார்த்தால் எல்லாக் கோட்டும் நன்றாகத்தான் இருக்கும். ட்ரையலில் இரு கையையும் கூப்புங்கள், ஒருமுறை குனிந்து நிமிருங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள். கோட் தானாக இருந்த இடத்துக்குத் திரும்பினால் வளையம் சரி. ஒவ்வொரு முறையும் கீழே இழுத்துவிட வேண்டியிருந்தால், அந்த மாலை முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத உள்கட்டு. மார்புப் பகுதிக்கு விறைப்பு தர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே கேன்வாஸ் வைத்துத் தைப்பது. நல்ல கேன்வாஸில் குதிரைமயிர் கலந்திருக்கும், லேப்பல் சுருளும் இடத்தில் கையால் சிறுசிறு தையலாகப் போட்டு வளைவை ஏற்றுவார்கள். மற்றது ஃப்யூசிங்: பசை தடவிய உள்துணியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் மேல்துணியோடு ஒட்டிவிடுவது. ஃப்யூசிங் மலிவு, வேகம்; கடையில் தொங்கும் கோட்டுகளில் பெரும்பகுதி இதுதான். இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். தரமாக ஒட்டியது பல நாள் உழைக்கும். மட்டமாக ஒட்டியது சில டிரை கிளீனிங்கிலேயே பிரிந்து, மார்பிலும் லேப்பலிலும் குமிழ்குமிழாக எழும்பும். அதற்குப் பிறகு எந்த அயர்னும் உதவாது. இரண்டுக்கும் நடுவே பாதிக் கேன்வாஸ் உண்டு: மார்பிலும் லேப்பலிலும் கேன்வாஸ், கீழே ஃப்யூசிங். பட்ஜெட் குறைவானவர்களுக்கு என் பரிந்துரை அதுவே. வாங்குபவர் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கடைசிப் பொத்தானுக்குக் கீழே மேல்துணியையும் உள்பக்கத்துத் துணியையும் இரு விரலால் தனித்தனியே பிடித்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். நடுவே தனியாக மிதக்கும் மூன்றாவது அடுக்கு விரலில் பட்டால் அது கேன்வாஸ். மேல்துணியே அட்டை போல விறைத்திருந்தால் ஒட்டியது. பாதிக் கேன்வாஸ் அவ்வளவு கீழே வராது என்பதால் மார்புப் பக்கமும் ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும்.

துணிக்கு வந்தால், நம் ஊரில் கோட் துணி என்று அதிகம் விற்பது பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது. கசங்காது, விலை குறைவு, நிறம் எடுப்பு. ஆனால் பாலியெஸ்டர் ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. கம்பளி நூலோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். “சென்னை வெயிலில் கம்பளியா?” என்று அதிர்கிறவர்கள் கம்பளிப் போர்வையை நினைத்துக்கொள்கிறார்கள். வெப்பநாட்டுக்கென்று மீட்டருக்கு 220 முதல் 260 கிராம் எடையில் நெய்யும் மெல்லிய கம்பளி, சாதா நெசவில் காற்று புகும்படி இருக்கும்; மோஹேர் கலந்தால் விறைப்பும் மெல்லிய மினுக்கும் தானாகவே வரும். வைகாசி மாதத்து மேடையில் அதிக வாட்டேஜ் விளக்கின் கீழே நிற்கும் மாப்பிள்ளைக்கு இந்த வேறுபாடு அரைமணியில் தெரிந்துவிடும். இதோடு முதுகில் பாதி லைனிங் மட்டும் போட்டால் இன்னும் இலகு. வெல்வெட்டைப் பலரும் விரும்புகிறார்கள். அது குளிர்நாட்டுச் சரக்கு, வியர்வையில் கனக்கும், உட்கார்ந்த இடம் அழுந்தித் தடம் காட்டும். நூலின் மென்மையைக் காட்டும் சூப்பர் 120, 150 எண்களுக்கும் மயங்க வேண்டாம். எண் ஏற ஏற நூல் மெலியும், கசங்கும்; மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுபவருக்கு 100ஐ ஒட்டியதே போதும்.

இடுப்பும் நீளமும் திருத்தக்கூடியவை; ஆனால் எல்லை உண்டு. கோட்டின் இடுப்பை ஓரங்குலம் போல உள்ளே பிடிக்கவோ வெளியே விடவோ முடியும், தையலுக்குள் துணி விட்டிருந்தால். பேன்ட் இடுப்பில் இன்னும் கொஞ்சம் தாராளம் உண்டு. கோட்டின் நீளத்தைக் குறைத்தாலோ பாக்கெட்டும் பொத்தானும் இருந்த இடத்திலேயே நின்று, கோட் அடியில் வெட்டுப்பட்டது போல் தெரியும். கை நீளத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கைமுனையில் பொத்தான்களுக்கு உண்மையான காஜா வெட்டிவிட்டால் பிறகு அங்கே குறைக்க முடியாது. ஆகவே சட்டைக் கை அரை அங்குலம் வெளியே தெரிகிறதா என்று கடைசி ட்ரையலில் பார்த்த பிறகே காஜா போடச் சொல்ல வேண்டும். பேன்ட்டில் எங்கும் காணும் பிழை, பொத்தானுக்குக் கீழே எட்டிப் பார்க்கும் வெள்ளை முக்கோணம். கோட் பொத்தான் இயல்பான இடுப்பில் இருக்க, பேன்ட் இன்றைய வழக்கப்படி அதற்கு வெகு கீழே உட்கார்ந்தால் நடுவில் சட்டை தெரியும். கரிய உடையில் அந்த வெள்ளைதான் போட்டோவில் முதலில் கண்ணில் படும். பேன்ட்டைத் தொப்புள் அருகே உயர்த்தி வெட்டி, பெல்ட்டுக்குப் பதில் சஸ்பெண்டரோ பக்கவாட்டுப் பட்டியோ வைப்பது இதற்காகத்தான். இடுப்பில் சுற்றும் கம்மர்பண்ட் கச்சையோ தாழ்ந்த வெயிஸ்ட்கோட்டோ செய்யும் வேலையும் இந்த இணைப்பை மூடுவதுதான்.

இதற்குப் பிறகுதான் லேப்பல். இருபுறமும் கூர்நுனி மேல்நோக்கியதும், வளைந்து ஒரே ஓட்டமாகச் செல்லும் ஷால் காலரும் டக்ஸீடோவுக்கு உரியவை. வெட்டுக்கொடுத்த நாட்ச் லேப்பல் அலுவலக சூட்டிலிருந்து வந்தது. அதைப் போட்டால் குற்றமில்லை, ஆனால் டக்ஸீடோ என்று தைத்த காசு வீண். உயரம் குறைந்தவருக்கும் உடம்பு பருத்தவருக்கும் கூர்நுனி நல்லது, கண்ணைத் தோளை நோக்கி மேலே இழுக்கும். முகப்புத் துணியில் நம் ஊருக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், சந்தனம் கொடுப்பார்கள், மேடையில் மாலை விழும். பட்டு சாட்டினில் பன்னீர்த் துளி பட்டால் வட்டமாகக் கறை நிற்கும். அதைத் தேய்த்தால் பெரிதாகும். நுண்வரி ஓடும் குரோகிரேன் நெசவில் அவ்வளவாகத் தெரியாது, விளக்கிலும் கண்ணாடி போல் திருப்பியடிக்காது. படம் எடுப்பவரும் நிம்மதியாக இருப்பார்.

நிறத்தைக் கடைசியில் வைத்ததற்கு மறுப்பு வரும்: நிறத்தையும்தானே பின்னால் மாற்ற முடியாது? முடியாது, உண்மை. ஆனால் டக்ஸீடோவில் நிறத்துக்கான நல்ல விடைகள் இரண்டு மூன்றுதான். அவற்றில் எதை எடுத்தாலும் உடை கெடாது. தோளில் தவறினால் எந்த நிறமும் காப்பாற்றாது. இங்கே இன்னொரு தயக்கமும் உண்டு, அது மதிக்க வேண்டியது: நல்ல காரியத்துக்குக் கறுப்பா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டியதே இல்லை. ஹென்றி பூல் வரலாற்றின்படி அந்த முதல் கோட்டே நீலம்தான். பின்னாளில் விண்ட்சர் கோமகன் பிரபலமாக்கிய நள்ளிரவு நீலம், விளக்கொளியில் கறுப்பைவிட ஆழமாகத் தெரியும். கறுப்புச் சாயம் சில விளக்குகளில் பழுப்பு தட்டும். பாட்டிக்கு நீலம் என்று காட்டலாம், மேடையில் கறுப்பின் கம்பீரம் கிடைக்கும். எந்த நிறமானாலும் கோட்டும் பேன்ட்டும் ஒரே தானிலிருந்து வெட்ட வேண்டும். கடையில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு கறுப்புகள் மேடை விளக்கில் வேறாகிவிடும். பெண்ணின் புடவை நிறத்திலேயே கோட் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காஞ்சிப்பட்டின் ஜரிகைக்குப் பக்கத்தில் ஜரிகை வைத்த கோட் நின்றால் இரண்டும் மங்கும். வெறுமையான கரும் துணி பக்கத்தில் இருந்தால்தான் பட்டு எழுந்து நிற்கும்.

ஒரே ஒரு மாலைக்கு இவ்வளவு செலவா என்பது அடுத்த மறுப்பு. நியாயமான கேள்வி. பல வீடுகளில் மாப்பிள்ளைக் கோட்டுக்குப் பணம் கொடுப்பது பெண் வீட்டார். அவர்கள் சுமையைக் கூட்டச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. என் வாதம் செலவைக் கூட்டுவதற்கானது இல்லை, இடம் மாற்றுவதற்கானது. கல் பதித்த பொத்தானுக்கும் எம்பிராய்டரிக்கும் போகிற பணத்தை இன்னொரு ட்ரையலுக்கும் பாதிக் கேன்வாஸுக்கும் திருப்பினால் பில் தொகை ஏறாது. வாடகைக்கு எடுப்பதையும் நான் இழிவாகப் பார்க்கவில்லை. டக்ஸீடோவின் தாய்நாடுகளிலேயே அது வெகுகாலப் பழக்கம். வாடகைக் கடையிலும் இதே வரிசைதான்: தோள் பொருந்தும் கோட்டை முதலில் எடுங்கள், பிறகு கை, பேன்ட். இடுப்பில் தளர்ந்தால் அங்கேயே பிடித்துக் கொடுப்பார்கள். தோள் சரியாக விழுந்த வாடகைக் கோட், தோள் சறுக்கிய சொந்தக் கோட்டைவிட எத்தனையோ மேல். ஒரே நாள் உடை என்பதும் முழு உண்மையில்லை. உள்ளே துணி விட்டுத் தைத்த கோட்டை உடம்பு பருத்த பிறகும் விட்டுக்கொள்ளலாம். மணிக்கற்கள் பதித்ததை இரண்டாம் முறை எங்கே போடுவது?

இதெல்லாம் வெள்ளைக்காரன் எழுதிய விதி, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். விதி என்பதற்காக எதையும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். காரணம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் வெக்கை தாங்காமல்தான் வெயிஸ்ட்கோட்டை விட்டு நம் ஊர் இடைக்கச்சையைக் கட்டினார்கள்; அதுவே கம்மர்பண்ட்டாக விதிப்புத்தகத்தில் ஏறியது. வெப்பநாட்டு இரவுக்கு யானைத்தந்த நிறக் கோட்டும் கரும் பேன்ட்டும் அப்படியே வந்து சேர்ந்தவை. கடற்கரைப் புல்தரை விருந்துக்கு இன்றும் அது பொருத்தம். காரணத்தோடு வளைத்த விதி எதுவும் உடையைக் கெடுத்ததில்லை. ஒற்றைப் பொத்தான், மூடியில்லாத பாக்கெட், உயர்ந்த இடுப்பு ஆகியவற்றைத் தக்கவைக்கச் சொல்வதும் அதே காரணத்தால்தான்: அவை உடம்பைச் சீராகக் காட்டுகின்றன.

கடைசி மறுப்பு நேரமின்மை. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார், கல்யாணத்துக்குச் சில நாள் முன்புதான் வருகிறார், அளவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். டேப் அளவு நீளத்தைச் சொல்லும். தோளின் சரிவையும் முதுகின் வளைவையும் சொல்லாது. அப்படிப்பட்டவர் இருக்கும் ஊரிலேயே தோள் பொருந்தும் கோட்டை எடுத்துக்கொண்டு வந்து இடுப்பையும் கையையும் இங்கே திருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். இங்கே இருப்பவர்கள் முகூர்த்த நாள் குறித்தவுடன் தையல்காரரைப் பார்த்துவிட வேண்டும். தை, ஆவணி போன்ற மாதங்களில் கடைசி நேரத்தில் வருபவர்களுக்கு ட்ரையலே கிடைக்காது. முதல் ட்ரையல் கை முழுதும் பொருத்தாத நிலையில், தோளுக்காக மட்டும். கடைசி ட்ரையல் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, அன்று போடப்போகும் அதே சட்டை, அதே ஷூவோடு. கல்யாணக் களைப்பில் உடம்பு இளைத்தாலும் விருந்தில் பருத்தாலும் அதற்குள் தெரிந்துவிடும். கூட வரும் சொந்தக்காரர்கள் நிறத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். தோள் சரியென்று மாஸ்டர் சொல்லும்வரை மாப்பிள்ளை எதற்கும் தலையாட்டாமல் இருந்தால் போதும்.